பழைய சத்தத்துக்கு ஒரே ஒரு பெடல்: ஃபேசரா, வைப்பா, கோரஸா?

டிக்கோயா_தந்தி

எல்லாருக்கும் வணக்கம். கிட்டாருக்கு ஒரு மாடுலேஷன் பெடல், அதாவது சத்தத்தை அசைய வைக்கிற கால் பெட்டி, வாங்கக் காசு சேர்த்திருக்கேன். ஒன்னே ஒன்னுதான் வாங்க முடியும், அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடி இங்க கேக்குறேன்.

இருக்கிறது: ஸ்ட்ராட் மாதிரி மூணு சிங்கிள் காயில் கிட்டார், 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன டிரான்சிஸ்டர் அம்ப், சத்தத்தைக் கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பெடல் ஒன்னு. வாசிக்கிறது ரெண்டு இடத்துல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடகர் குழுவோட. திருவிழாக் காலத்துல எங்க தோட்ட டிவிஷன் பசங்க இசைக்குழுவோட. அதுல பெரும்பாலும் எழுபது எண்பதுகளோட சினிமாப் பாட்டு, கடைசியில பைலா ஆட்டப்பாட்டு. குழுவுல கீபோர்ட் ரெண்டு இருக்கு.

எனக்கு வேணும்கிறது அந்தக் காலத்து ரெக்கார்ட்ல கேக்குற சத்தம். நோட்டு ஒன்னு நின்னுக்கிட்டே இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள மெதுவா உருண்டுக்கிட்டே போகும். வீடியோ பார்த்தா ஒருத்தர் ஃபேசர்ங்கிறார், ஒருத்தர் யூனி-வைப், சுருக்கமா வைப்ங்கிறார், கோரஸ் இல்லாம எண்பதுகளே இல்லைங்கிறார் இன்னொருத்தர். கண்டி வரைக்கும் போய் வாசிச்சுப் பார்த்து வாங்கலாம். கொழும்புன்னா ஒரு நாள் சம்பளம் போயிரும்.

மாத்தளை_ரிதம்

தம்பி, ஒரு பெடலுக்குக் குடுக்குற காசுல ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் எடுத்துருங்க. ஃபேசர், வைப், கோரஸ், ஃபிளாஞ்சர், ட்ரெமலோ எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஆறு மாசம் எல்லாத்தையும் போட்டு வாசிங்க. எது பிடிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு தனிப் பெடல் வாங்கலாம்.

நானுஓயா_மூடுபனி

மாத்தளை அண்ணன் சொல்றது நியாயமான வழிதான். ஆனா தம்பி கேட்ட சத்தத்தை அவர் எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தா அது வைப்தான். "நின்னுக்கிட்டே உள்ளுக்குள்ள உருளுது"ன்னா வேற எதைச் சொல்ல முடியும்?

1969இல் வுட்ஸ்டாக் மேடையில கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில இருந்தது அதுதான். ஃபஸ்ங்கிற கரகரப்புப் பெடலுக்குப் பின்னால, அம்ப்புக்கு முன்னால வச்சிருந்தார். ஃபேசர் பெடல்கள் கடைக்கு வந்ததே அதுக்கு அப்புறம்தான். மூலத்துக்கே போங்க. நான் அடிக்கிறது பேஸ் கிட்டார், எங்க குழுவுல லீட் வாசிக்கிறவர் ஒரு வைப் வச்சிருக்கார். மெதுவா போட்டா பாட்டே மூச்சு விடுற மாதிரி இருக்கும். ஒரு தடவை கேட்டுட்டா மத்தது எல்லாம் தட்டையாத் தெரியும்.

பண்டாரவளை_மாஸ்டர்

தம்பி, பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காதில் இருந்து தொடங்குவோம். உங்கள் கேள்விக்குப் பதில், இந்தப் பெடல்கள் ஒவ்வொன்றும் நோட்டின் எந்தப் பகுதியைத் தொடுகின்றன என்பதில்தான் இருக்கிறது.

ட்ரெமலோ சத்தத்தின் அளவைத் தொடுகிறது. ஏற்றும், இறக்கும், அவ்வளவுதான். வைப்ரேட்டோ சுருதியைத் தொடுகிறது. கோரஸ் என்பது சுருதி லேசாக அசையும் ஒரு பிரதியை அசல் சத்தத்தோடு சேர்ப்பது. இரண்டு பேர் ஒரே வரியை வாசிப்பது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. ஃபிளாஞ்சரும் ஏறக்குறைய அதே வழிதான், ஆனால் தாமதம் இன்னும் குறைவு. வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுவதால் உலோகச் சாயல் ஏறும். ஃபேசரும் வைப்பும் வேறு குடும்பம். அவை சத்தத்தின் அலைவரிசைகளில் சில இடங்களைப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளங்களை மேலும் கீழும் நகர்த்துகின்றன. சுருதி நின்ற இடத்திலேயே நிற்கும், நிறம் மட்டும் மாறும்.

நீங்கள் சொன்னது இந்தக் கடைசி வகையை. அதற்கு இன்னொரு காரணமும் சொல்வேன். நமது பாட்டுக்கு கிட்டாரில் இழுத்து வாசிக்கிறோம். அரைச் சுருதி, முக்கால் சுருதி என்று நரம்பை வளைத்து ஓரிடத்தில் நிறுத்துகிறோம். பாடகரின் குழைவைப் பின்தொடர வேண்டும் என்றால் அந்த நிறுத்தம் துல்லியமாக விழ வேண்டும். கோரஸ் ஆழமாகப் போட்டிருந்தால், நீங்கள் நிறுத்திய இடத்தை அது மறுபடி அசைத்துவிடும். கேட்பவருக்குச் சுருதி விலகியதாகவே தோன்றும். மெதுவாகச் சுழலும் ஃபேசர் அந்த வளைவை அப்படியே விட்டுவைக்கும். பல வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது: இழுத்து வாசிப்பவருக்கு முதல் மாடுலேஷன் ஃபேசர் குடும்பமாக இருக்க வேண்டும்.

மல்டி எஃபெக்ட்ஸ் பற்றி: இன்றைய டிஜிட்டல் நன்றாகவே இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூறு சத்தம் உள்ள பெட்டியை வாங்குகிறவர் ஒரு சத்தத்தோடு ஆறு மாதம் உட்காருவதில்லை. ஒரே குமிழ் உள்ள பெடல் உங்களை உட்கார வைக்கும்.

டிக்கோயா_தந்தி

மாஸ்டர், ரொம்ப நன்றி. இழுக்கிற விஷயம் எனக்குத் தோணவே இல்லை. அப்ப ஃபேசர், வைப் ரெண்டும் ஒரே குடும்பம்னா எதுல வித்தியாசம்? வைப் ஏன் அவ்வளவு விலை?

ஈயப்புகை

நான் ஹட்டன்ல ரேடியோ, அம்ப் திருத்துற வேலை. இதுல ரெண்டையும் திறந்து வேலை செஞ்சிருக்கேன், அதனால உள்ள இருக்கிறதைச் சொல்றேன்.

ரெண்டுலயும் நாலு கட்டம் இருக்கு. ஒவ்வொரு கட்டமும் சத்தத்தோட அளவைத் தொடாம, அதோட ஃபேஸை, அதாவது அலை ஏறி இறங்குற நேரத்தை, அலைவரிசைக்கு ஏத்த மாதிரி பின்னுக்குத் தள்ளும். நாலையும் தாண்டி வந்ததை அசலோட சேர்த்தா, எந்த இடத்துல ரெண்டும் எதிரெதிரா நிக்குதோ அந்த இடம் அடிபட்டுப் பள்ளமாகும். நாலு கட்டத்துக்கு ரெண்டு பள்ளம். ரெண்டு கட்டம்னா ஒன்னு. எம்எக்ஸ்ஆர் கம்பெனியோட ஃபேசர்கள்ல ஃபேஸ் 45 ரெண்டு கட்டம், ஃபேஸ் 90 நாலு கட்டம். ஃபேஸ் 45 அதனாலதான் அவ்வளவு சாந்தமா இருக்கும்.

வித்தியாசம் ரெண்டு இடத்துல வருது.

முதலாவது கெப்பாசிட்டர். ஃபேஸ் 90ல நாலு கட்டத்துலயும் ஒரே மதிப்பு. யூனி-வைப்ல நாலும் வேற வேற: 15 நானோ, 220 நானோ, 470 பிக்கோ, 4.7 நானோ ஃபேரட். எவ்வளவு தூரம் விலகி நிக்குது பாருங்க. அதனால வைப்ல பள்ளம் கூர்மையா விழாது, சத்தம் முழுக்கப் பரவி நிக்கும். கேட்டா எங்க ஆரம்பிச்சது எங்க முடிஞ்சதுன்னு பிடிபடாது. ஃபேசர்ல "ஊஊ-வாவா"ன்னு ஒரு கோடு தெளிவாப் போறது காதுக்குத் தெரியும்.

ரெண்டாவது, அந்தக் கட்டங்களை ஆட்டுற பொருள். ஃபேஸ் 90ல அது ஜேஃபெட்ங்கிற ஒரு வகை டிரான்சிஸ்டர். நாலு ஜேஃபெட்டும் ஒரே குணமா இருக்கணும், இல்லைன்னா ஒன்னு முந்தும் ஒன்னு பிந்தும், பள்ளம் ஆழமா விழாது. அதனால தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்துப் போடணும். யூனி-வைப்ல ஜேஃபெட் இல்லை. நடுவுல ஒரு சின்ன பல்ப், சுத்தி நாலு எல்டிஆர், மேல பளபளன்னு ஒரு தகர மூடி. பல்ப் மங்கிப் பிரகாசிக்கிறதுக்கு ஏத்த மாதிரி எல்டிஆரோட தடை மாறும். பல்ப் இழைக்குச் சூடாக நேரம் வேணும், ஆற நேரம் வேணும். எல்டிஆர் வெளிச்சத்துக்குச் சட்டுன்னு எழும், இருட்டுக்கு மெதுவாத்தான் திரும்பும். அதனால ஏறுற வேகமும் இறங்குற வேகமும் ஒன்னா இருக்காது. வைப்ல கேக்குற அந்த நாடித் துடிப்பு வர்றது அங்கேயிருந்துதான்.

விலைக்குக் காரணமும் அதுவே. எல்டிஆர்ல கேட்மியம் இருக்கு, ஐரோப்பாவுல அதுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு நல்ல எல்டிஆர் கிடைக்கிறது கஷ்டம். நாலையும் அளந்து பார்த்துத்தான் போடணும். பல்ப்போட வெளிச்ச அளவை உள்ள டிரிம்மர்ங்கிற ஒரு குட்டித் திருகை வச்சுக் கையால சரிபண்ணணும். வேலை அதிகம்.

நானுஓயா_மூடுபனி

பாருங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னதை அண்ணன் கெப்பாசிட்டர் மதிப்போட சொல்லிட்டார். தம்பி கேட்ட "உருளுற" சத்தம் அந்த ஏறுமுகம் இறங்குமுகம் ஒன்னா இல்லாததுதான்.

பண்டாரவளை_மாஸ்டர்

வைப்பின் பிறப்பைப் பற்றி ஒரு செய்தி. அதை வடிவமைத்தவர் ஜப்பானின் ஷின்-எய் நிறுவனத்தில் இருந்த ஃபூமியோ மியேடா. பின்னாளில் கோர்க் நிறுவனத்தின் எம்எஸ்-20 சின்தசைசரிலும் அவர் கை இருந்தது. சிற்றலையில் மாஸ்கோ வானொலியைக் கேட்டபோது, வான் மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை ஏறி இறங்கிச் சத்தத்தின் நிறத்தை மாற்றியதே தமக்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

என் வயதில் உள்ளவர்களுக்கு அந்தச் சத்தம் அந்நியமானது அல்ல. இரவில் திருச்சி வானொலியைப் பிடித்தால் பாட்டு நெருங்கி வரும், விலகிப் போகும், நடுவில் ஒரு கணம் குரல் மூக்கால் பாடுவது போல் மாறித் திரும்பும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும், எல்லோரும் அந்த அசைவோடுதான் பாட்டைப் பழகினோம். வைப் சத்தம் நம் ஆட்களுக்கு முதல் முறையிலேயே பிடித்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

மஸ்கெலியா_கீபோர்ட்

எல்லாரும் கிட்டாரைத் தனியா வச்சுப் பேசுறீங்க. அவர் குழுவுல கீபோர்ட் ரெண்டு இருக்குன்னு எழுதியிருக்கார், அதை யாரும் கவனிக்கலை.

கீபோர்ட்ல ஸ்ட்ரிங்ஸ், பேட், எலக்ட்ரிக் பியானோ எது போட்டாலும் அதுக்குள்ளயே கோரஸ் இருக்கும். தயாரிப்பிலயே போட்டுத்தான் வருது. அது மேல கிட்டாரும் கோரஸ் போட்டா மேடைக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு கஞ்சிதான் கேக்கும், எந்த வாத்தியம் எந்த வரின்னு பிரியாது. நான் குழு நடத்துறேன், கிட்டார் பசங்ககிட்ட முதல்ல நிறுத்தச் சொல்றது கோரஸைத்தான். ஃபேசர் அப்படி இல்லை. அது நடு அலைவரிசையில நகருது, கீபோர்ட் அசையாம நிக்கும்போது கிட்டார் மட்டும் அசையுறது தெளிவாத் தெரியும்.

இன்னொன்னு. கோரஸோட முழு அழகு ரெண்டு ஸ்பீக்கர்ல. ரோலண்ட் ஜேசி-120 அம்ப்புல ஒரு ஸ்பீக்கர் அசல், இன்னொன்னு அசையுற பிரதி, ரெண்டும் காத்துல கலக்கும். 1976இல் பொஸ் கம்பெனியோட சீஈ-1 கோரஸ் பெடல் வந்தது அந்தச் சுற்றையே எடுத்துப் பெட்டியில போட்டுத்தான். தம்பிகிட்ட ஒரு சின்ன அம்ப், மேடையில அதுக்கு ஒரு மைக். அதுல கோரஸோட பாதிதான் கேக்கும்.

மாத்தளை_ரிதம்

கீபோர்ட் அண்ணே, அப்ப எண்பதுகளோட பாட்டுக்குக் கோர்ட்டைப் பிரிச்சு ஆர்பெஜியோ எப்படி வாசிக்கிறது? கோரஸ் இல்லாம அந்தப் பாட்டெல்லாம் நிக்காது.

மஸ்கெலியா_கீபோர்ட்

கீபோர்ட் சும்மா இருக்கிற இடத்துல கோரஸ் அழகுதான், மறுக்கலை. ரெண்டாவது பெடல் வாங்கும்போது வாங்கட்டும். தம்பி கேட்டது ஒன்னே ஒன்னு.

ஈயப்புகை

கோரஸ் பேச்சு வந்ததால அதையும் சொல்லிடுறேன், பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்.

பழைய கோரஸ் எல்லாம் பிபிடி சிப்புல ஓடுது. தோட்டத்துல பைப் தூரமா இருந்தா வரிசையா நின்னு வாளியைக் கைமாத்தி விடுவோமே, அதே மாதிரி சத்தத்தோட அளவை ஒரு கெப்பாசிட்டர்ல இருந்து அடுத்ததுக்கு மாத்தி மாத்தி விடுற சிப். 1969இல் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல கண்டுபிடிச்சது. 1979இல் வந்த பொஸ் சீஈ-2ல இருக்கிற எம்என்3007 சிப்புல 1024 கட்டம். அதை ஓட்டுற கடிகாரம் 100 கிலோஹெர்ட்ஸ்னா தாமதம் 5.12 மில்லிசெக்கன். கடிகாரத்தை ஆட்டினா தாமதம் ஆடும், தாமதம் ஆடினா சுருதி ஆடும். கைமாறும்போது உச்ச அலைவரிசை கொஞ்சம் தேயும், கடிகாரச் சத்தம் வெளியே வராம இருக்க ஃபில்டர் வேற வச்சிருப்பாங்க. பழைய கோரஸ் இதமா, கம்பளி போர்த்தின மாதிரி கேக்குறதுக்குக் காரணம் இந்த ரெண்டும்தான். டிஜிட்டல் கோரஸ் பளிச்சுன்னு இருக்கும். சர்ச்சுல ஏற்கெனவே எதிரொலி இருக்கிற மண்டபத்துல எனக்குப் பழசுதான் பிடிக்கும்.

டிக்கோயா_தந்தி

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, ரெண்டு தடவை வாசிச்சேன். கோரஸ் இப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஃபேசரா வைப்பாங்கிறதுலதான் நிக்கிறேன். நானுஓயா அக்கா சொல்றதைக் கேட்டா வைப்னு தோணுது. ஆனா பல்ப் உள்ள வைப் என் கைக்கு எட்டாது. பல்ப் இல்லாத வைப் நல்லா இருக்குமா? ஃபேஸ் 90ல "ஸ்கிரிப்ட்", "பிளாக்"னு ரெண்டு சொல்றாங்களே, அது என்ன?

ஈயப்புகை

அது பெட்டி மேல இருக்கிற எழுத்து. எழுபதுகள்ல முதல்ல வந்த ஃபேஸ் 90ல எம்எக்ஸ்ஆர் பேர் கையெழுத்து மாதிரி சரிஞ்சு இருக்கும், அது ஸ்கிரிப்ட். பிறகு கட்டை எழுத்து வந்தது, அது பிளாக். எழுத்து முக்கியம் இல்லை, உள்ள ஒரு ரெசிஸ்டர் முக்கியம். பிளாக்ல அந்த ரெசிஸ்டர் வழியா கடைசிக் கட்டத்துச் சத்தம் கொஞ்சம் பின்னுக்குத் திரும்பி வரும். அதனால பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு மேடு கிளம்பும். ஓவர்டிரைவ் இல்லாத கிளீன் சத்தத்துல அது கவர்ச்சியா இருக்கும், ஓவர்டிரைவ் போட்டா அந்த மேடு மூக்கடைச்ச மாதிரி முன்னாடி வந்து நிக்கும். ஸ்கிரிப்ட்ல அந்த ரெசிஸ்டரே இல்லை. 1978இல் வந்த வான் ஹேலன் குழுவோட முதல் ரெக்கார்டுல கேக்குறது ஸ்கிரிப்ட். அவ்வளவு டிஸ்டார்ஷன்லயும் சத்தம் மூடாம திறந்து நிக்குது பாருங்க.

இப்ப ரெண்டையும் ஒரே பெட்டியில தர்ற பெடல் இருக்கு. எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 95, சின்னப் பெட்டி: ஒரு பொத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு, ஒரு பொத்தான் 45க்கும் 90க்கும் நடுவுல மாத்த. ஈவிஎச் ஃபேஸ் 90லயும் ஸ்கிரிப்ட் பொத்தான் உண்டு. மூயர் நைன்டி ஆரஞ்ச்லயும் பழைய, புதிய சத்தத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கு, கைக்கு எட்டுற விலை. ஸ்மால் ஸ்டோன்ங்கிற இன்னொரு ஃபேசர் பக்கம் போகணும்னா பெஹ்ரிங்கர் விபி1 அந்த வழியில செஞ்சது.

பல்ப் இல்லாத வைப் சிலது நல்லாவே இருக்கு. ஆனா எனக்கு ஒன்னு தோணுது. வைப்போட குணம் அந்தக் கெப்பாசிட்டர்லயும் பல்ப்லயும் இருக்கு. அதுல ஒன்னை விட்டுட்டு வாங்குறதுக்கு, நல்லா செஞ்ச ஒரு ஃபேசரை வாங்கி அதோட குணத்துல வாசிக்கிறது மேல்.

நானுஓயா_மூடுபனி

இதுல எனக்கு முழு உடன்பாடு இல்லை அண்ணே. எங்க லீட் வாசிக்கிறவர் முதல்ல வச்சிருந்தது டிஜிட்டல் வைப். பிறகுதான் பல்ப் உள்ளது வாங்கினார். கூட்டத்துக்குப் பின்னால நின்னு கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியலை, வாசிக்கிற அவருக்குத்தான் தெரிஞ்சது. மேடைக்கு அது போதும்.

பண்டாரவளை_மாஸ்டர்

வாசிக்கிறவருக்குத் தெரிந்தால் அது வாசிப்பில் தெரியும், தங்கச்சி. அவர் கை மாறியிருக்கும்.

ஸ்மால் ஸ்டோன் பற்றி ஈயப்புகை ஒரே வரியில் கடந்துவிட்டார், அதை நான் நிரப்புகிறேன். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்துக்காக டேவிட் காக்கரெல் வடிவமைத்தது. அவர் அதற்கு முன் லண்டனில் ஈஎம்எஸ் சின்தசைசர்களை வடிவமைத்தவர். ஃபேஸ் 90 போலவே நாலு கட்டம், ஒரு குமிழ். ஆனால் ஜேஃபெட்டுக்குப் பதில் வேறு வகைச் சிப். ஃபேஸ் 90 நடு அலைவரிசையில் பேசும், ஸ்மால் ஸ்டோன் கீழே இறங்கித் தண்ணீர் போல் ஓடும். "கலர்" சுவிட்சை மேலே தள்ளினால் இன்னும் ஆழமாகும். மெதுவான பாட்டில், கோர்ட் பிடித்து நிறுத்தும் இடங்களில் எனக்கு ஸ்மால் ஸ்டோன்தான் முதல் தேர்வு. தனி வரி வாசிக்கும் இடங்களில் ஃபேஸ் 90. தம்பி சர்ச்சில் அதிகம் வாசிப்பது எது, கோர்ட்டா வரியா?

டிக்கோயா_தந்தி

சர்ச்சுல கோர்ட், மாஸ்டர். குழுவுல பல்லவிக்கு நடுவுல வர்ற வரி எல்லாம் நான்தான். கண்டிக்குப் போறப்ப ரெண்டையும் கேக்குறேன்.

இன்னொரு கேள்வி. எங்க பக்கம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல கரண்ட் இறங்கிரும், பல்ப் மஞ்சளா எரியும். அம்ப் எப்படியோ ஓடுது. பெடலுக்கு என்ன செய்றது?

ஈயப்புகை

இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும், மலையகத்துல பெடல் வாங்குற எல்லாரும் கேக்க வேண்டியது.

ஃபேசர், அனலாக் கோரஸ் எல்லாம் கொஞ்ச மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். 9 வோல்ட் பேட்டரியில மணிக்கணக்கா ஓடும். ஆல்கலைன் வாங்குங்க. டிஜிட்டல் பெடல் 100 மில்லி ஆம்பியருக்கு மேலயும் கேக்கும், பேட்டரி தாங்காது, நிறையப் பெடல்ல பேட்டரி வைக்க இடமே இருக்காது. ஃபேஸ் 95 மாதிரி சின்னப் பெட்டியிலயும் பேட்டரி போட இடம் கிடையாது, அதை மனசுல வையுங்க. 2022இல் கரண்ட் வெட்டு நடந்தப்ப பேட்டரியில ஓடுற பெடல் வச்சிருந்தவங்கதான் பயிற்சி நிக்காம செஞ்சாங்க.

அடாப்டர்னா 9 வோல்ட் டிசி, நடு ஊசி நெகட்டிவ். ரெகுலேட்டட்னு எழுதியிருக்கணும். கரண்ட் ஏறி இறங்கினாலும் நல்ல ஸ்விட்ச்-மோட் அடாப்டர் 9 வோல்ட்டைப் பிடிச்சு நிறுத்தும், பழைய டிரான்ஸ்ஃபோமர் அடாப்டர்தான் கூட ஏறி இறங்கும். சாதாரண கடைச்சரக்கு அடாப்டர்ல நடு ஊசி பாசிட்டிவா இருக்கும், மாத்திச் செருகினா பெடல் உள்ள டயோட் போயிரும்.

பழைய ஜப்பான் சாமான் வாங்குறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. சீஈ-1 மாதிரி நேரா மெயின்ஸ்ல செருகுறது ஜப்பானுக்கு 100 வோல்ட்ல செஞ்சது. நம்ம 230ல செருகினா அதோட கதை முடிஞ்சது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் கட்டாயம். பழைய சீஈ-2 ஏசிஏங்கிற பழைய வகை அடாப்டருக்குச் செஞ்சது. இப்ப கிடைக்கிற 9 வோல்ட் அடாப்டரை அதுல மட்டும் தனியாச் செருகினா லைட் மங்கும், சத்தமும் சோர்ந்து வரும். பெடல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. அதுக்குரிய அடாப்டர் இருந்தா எழும், பேட்டரியிலயும் நல்லா ஓடும்.

ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி இறங்குற நாள்ல வாசிச்சு முடிஞ்சதும் ப்ளக்கைக் கழட்டுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.

மஸ்கெலியா_கீபோர்ட்

பனிக்கு என்ன வழி அண்ணே? எங்க சாமான் எல்லாம் ஒரு மழைக்காலம் போனா கரகரன்னுது.

ஈயப்புகை

ஜாக்கும் குமிழும் பச்சை பிடிக்கிறதாலதான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடிச்சுக் குமிழை அங்கிட்டும் இங்கிட்டும் பல தடவை திருப்பினா போகும். மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா பொட்டலம் போட்டு வைங்க. வாசிக்காத மாசத்துல பேட்டரியைக் கழட்டிருங்க, கசிஞ்சா போர்டைத் தின்னுரும். அடுப்பு மேல காய வைக்காதீங்க, புகை ஏறினா ஜேஃபெட் போர்டைக் கழுவ முடியாது.

மாத்தளை_ரிதம்

ரெண்டாங்கை வாங்குறதா இருந்தா என்ன பார்க்கணும்? எனக்கும் ஃபேசர் ஆசை வந்திருச்சு.

ஈயப்புகை

உங்க கிட்டாரையும் உங்க வயரையும் கொண்டு போங்க. முதல்ல பெடலை அணைச்சு வச்சு வாசிங்க, வயரை நேரா அம்ப்ல செருகியும் வாசிங்க. அணைச்ச நிலையில சத்தம் மங்கினா அது பழைய சுவிட்ச் முறை. கெட்டது இல்லை, ஆனா தெரிஞ்சு வாங்குங்க. பிறகு குமிழை முழுக்க இடப்பக்கம் வச்சு ஒரு கோர்ட் அடிச்சு நிறுத்துங்க. ஒரு முழுச் சுத்து காது குடுத்துக் கேளுங்க. ஒரு பக்கம் நீளமா நின்னு மறுபக்கம் சட்டுன்னு குதிச்சா, இல்லைன்னா அசைவே மெலிசா இருந்தா, உள்ள பயஸ் டிரிம்மர் விலகியிருக்கு. ஸ்க்ரூ டிரைவர் வேலைதான், பேரம் பேசலாம். கை எடுத்த பிறகு அமைதியில "டிக் டிக்"னு கேட்டா அது வேற வேலை, விட்டுருங்க. மூடியைத் திறந்து பாருங்க. யாரோ ஈயம் பத்தவச்ச இடம் குவியல் குவியலா இருந்தா வேணாம்.

கையெழுத்து லோகோவை மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க. பெட்டியில எந்த லோகோ வேணும்னாலும் ஒட்டலாம்.

டிக்கோயா_தந்தி

கண்டிக்குப் போய் வந்துட்டேன். ரெண்டு கடையில கேட்டேன். ஸ்மால் ஸ்டோன் சத்தம் மாஸ்டர் சொன்ன மாதிரி கோர்ட்டுக்குக் கீழ ஓடுச்சு, அழகு. ஆனா கலர் சுவிட்ச் போட்டு வரி வாசிச்சா நோட்டு உள்ள போயிருது. டிஜிட்டல் வைப் ஒன்னும் இருந்துச்சு, அக்கா சொன்ன துடிப்பு கேட்டுச்சு, வேகத்தைக் கூட்டினா கொஞ்சம் மயக்கமா இருந்துச்சு.

ஃபேஸ் 95 வாங்கிட்டேன். 45ல ஸ்கிரிப்ட் பொத்தானை அமுக்கி மெதுவா விட்டா சர்ச்சுக்கு அதான். 90ல அதே ஸ்கிரிப்ட்டோட ஓவர்டிரைவுக்கு முன்னாடி வச்சா நரம்பை இழுத்து நிறுத்துற இடம் நின்ன இடத்துலயே நிக்குது. பேட்டரி போட முடியாதுன்னு அண்ணன் சொன்னதால ரெகுலேட்டட் அடாப்டரும் அங்கேயே வாங்கினேன். கரண்ட் போனா நேரா அம்ப்ல வாசிச்சுக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. வேகக் குமிழை எங்க வைக்கிறது? பாட்டோட தாளத்துக்குப் பொருந்தணுமா?

பண்டாரவளை_மாஸ்டர்

நல்ல தேர்வு, தம்பி. வாழ்த்துக்கள்.

தாளத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. தொடக்கத்துக்கு இப்படிச் செய்யுங்கள். நான்கு தட்டுப் பாட்டில் நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஓர் ஆவர்த்தம் 3 விநாடி. ஃபேசர் ஒரு முழுச் சுற்றை 3 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும்படி வையுங்கள். அப்போது ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் பள்ளம் வேறு இடத்தில் விழும், பாட்டு இயந்திரம் போல் ஆகாது. ஆறெட்டுத் தாளத்தில் மட்டும் நான் இதை மாற்றுவேன். அங்கே சுற்றை அரை ஆவர்த்தத்தோடு சேர்த்துக் கட்டினால் கிட்டாரே ஊஞ்சலாடத் தொடங்கும். பைலாவுக்கு அணைத்துவிடுங்கள். அங்கே வலது கையின் வெட்டுத்தான் பாட்டு, அதன் மேல் எதுவும் நகரக் கூடாது.

நானுஓயா_மூடுபனி

பைலாவுல வேகமா வச்சு லேசா ஒரு சுழற்சி குடுத்தா நல்லா இருக்கும் மாஸ்டர், எங்க குழுவுல செய்றோம். தம்பி, 45ல வச்சு வேகக் குமிழை ரெண்டு மணி நிலையில விட்டுப் பாருங்க. பேஸ் வாசிக்கிறவரை அந்த நேரம் கொஞ்சம் அடக்கமா வாசிக்கச் சொல்லுங்க.

டிக்கோயா_தந்தி

ரெண்டையும் வெள்ளிக்கிழமை பயிற்சியில வாசிச்சுப் பார்க்கிறேன். ஃபோன்ல பதிவு பண்ணி இங்கயே போடுறேன்.